மேல்விளிம்பில் மட்டும் பசை

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'பழசு'. விற்பது பழசு, கடை பழசு, போட்டிருக்கும் சட்டையும் கிட்டத்தட்ட அதே ரகம். "பழசு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களை அவர் ஒருநாளும் முறைத்ததில்லை. கூப்பிடுகிற பேரிலேயே சரக்கு என்னவென்று தெரிந்துவிடுகிறது, பெயர்ப்பலகைச் செலவு மிச்சம் என்பார்.

கடையில் கடிகாரம், நிலைக்கண்ணாடி, பீங்கான் ஜாடி எல்லாம் உண்டு. ஆனால் அடுப்பு எரிந்தது தாள் வியாபாரத்தில்தான். பழைய தீப்பெட்டிப் படம், காலண்டர் படம், சோப்பு உறை. இவற்றுக்கெல்லாம் மேலே, ராஜா மாதிரி, துணிக்கட்டுப் படம். ஒரு காலத்தில் மில்லிலிருந்து வருகிற ஒவ்வொரு துணிக்கட்டின் மேலும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வண்ணப்படம் ஒட்டியிருப்பார்கள். ஊஞ்சலாடும் பெண், புகை கக்கும் கப்பல், ரோஜாவை மோந்துபார்க்கும் புலி. எழுத்தறியாதவர்களும் "அந்தப் புலித்துணியக் குடு" என்று கேட்டு வாங்கலாம். துணி நைந்து, கிழிந்து, தரை துடைக்கப் போனபிறகும் புலி மட்டும் பிள்ளைகள் கையில் தங்கிவிடும்.

வெறும் தாளாக விற்றால் எடைக்குத்தான் போகும். கூட ஒரு கதை வேண்டும் என்பது பழசு தொழிலில் கற்றது. ஆள் படத்தைக் கையில் எடுத்ததும் குரலை இறக்குவார்.

"எங்கப்பா துணிக்கடை வச்சிருந்தார் சார். எனக்கு அஞ்சு வயசு, அக்காவுக்குப் பதினொண்ணு. ஒரு நாள் சாயங்காலம் பூரா ரெண்டு பேரும் தரையில உக்காந்து இந்தப் படங்களை ஒரு நோட்டுல ஒட்டினோம். அவ ஓரத்தை வெட்டுவா, நான் பசை தடவுவேன். கத்தரிக்கோலை மட்டும் எங்கிட்ட தரவே மாட்டா. அழுது பாத்தேன், உருண்டு பாத்தேன், ஊஹூம்! தரை பூரா புலி, மயிலு, கப்பலு. அந்தக் கப்பலைப் பாருங்க, அன்னிக்கு அதுலேர்ந்து நெஜமாவே புகை வாசனை வந்துச்சு சார். சின்னப் பிள்ளை மனசு, பாத்துக்குங்க. அப்படி ஒரு சாயங்காலம் அதுக்கப்புறம் எனக்கு வாய்க்கவே இல்ல."

கடைசி வாக்கியத்தில் கண் லேசாகக் கலங்கும். புகை வாசனைக்கு மயங்காத ஆளே கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், கலக்கம் அசல். இந்தக் கண்ணாடியில் ஒரு ராணி முகம் பார்த்தாள், இந்தக் கடிகாரம் ஒரு தூக்குத்தண்டனையை நேரம் தவறாமல் நிறைவேற்றியது என்று அவர் விடுகிற கதைகளில் பத்துக்கு ஒன்பது கப்சா. இது ஒன்றுதான் நடந்தது. அம்மா செத்துப்போனதும் அதே வருஷம்தான். எந்த மாதம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அதைக் கதையில் சேர்ப்பதில்லை. வாங்க வந்தவன் முகம் வாடினால் கை பையை விட்டு வெளியே வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா மகள் போன் பண்ணினாள்.

"மாமா, அம்மாவுக்கு அடுத்த வியாழக்கிழமை ஆப்பரேஷன். குரல்வளையையே எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. உசுருக்குப் பயமில்லையாம். ஆனா அதுக்கப்புறம் பேச்சு வராது."

பழசு கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. அந்தப் படநோட்டு. எங்க வீட்டுக்கு வந்தப்ப ட்ரங்குப் பெட்டியோட உங்ககிட்ட வச்சுட்டு வந்தாங்கள்ல? ஆப்பரேஷனுக்கு முன்னாடி கையில வேணுமாம். அதைப் பாக்காம உள்ள போக மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்குறாங்க மாமா."

"அதுக்கென்னம்மா, பத்திரமா இருக்கு. நானே கொண்டு வரேன்."

அவர் வாய் எப்போதும் இப்படித்தான். மூளை கடை திறப்பதற்குள் வியாபாரத்தை முடித்துவிடும்.

நோட்டு இல்லை. போய் நாலு வருஷமாகிறது.

ஒட்டிய படத்தைப் பிய்க்கக் கூடாது, ஊறவைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நோட்டைத் தாள் தாளாகப் பிரித்துப் போட்டால் பசை இளகிப் படம் தானாக மிதந்து வரும். மில் படம் கெட்டிக் காகிதம், தண்ணீருக்கு அசையாது. அடியில் இருக்கிற மலிவு நோட்டுத்தாள்தான் கூழாகிவிடும். அதை உருட்டிப் பிழிந்து குப்பையில் எறிய வேண்டியது. படம் தனித்தனியாகப் போனால்தான் விலை. நோட்டோடு விற்றால் அது யாரோ வீட்டுப் பிள்ளையின் கிறுக்கல் நோட்டு.

அக்காவின் நோட்டில் படங்களுக்கு மேல்விளிம்பில் மட்டும்தான் பசை இருந்தது. கதவு மாதிரி தூக்கித் தூக்கி மூடலாம். அந்த வயதிலேயே பசையில் சிக்கனம் பார்த்திருக்கிறாளே என்று அன்று அவர் சிரித்துக்கொண்டார். படங்களுக்கு அடியில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. வீட்டுப்பாடமாக இருக்கும். எழுதின தாளுக்கு விலையில்லை. அப்படியே தட்டில் போட்டார்.

முப்பத்தெட்டு படங்களும் மூன்று இடத்துக்குப் போயின. பன்னிரண்டு பல் டாக்டரிடம், ஆறு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தியிடம், மீதி இருபது ஓட்டல்காரரிடம். ஐந்து நாள் இருக்கிறது. பழசு ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினார். விற்ற பொருளைத் திருப்பி வாங்கப் போகிற வியாபாரியை எதிர்க்கடைக்காரர்கள் கல்யாண வீட்டில் அழுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பல் டாக்டர் சிரமம் கொடுக்கவில்லை. காத்திருப்பவர்கள் சுவரைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சுவரில் என்ன இருந்தாலும் சரி. படங்கள் இருந்த இடத்தில் பழசு தன் கடையின் பெரிய கடிகாரத்தை மாட்டிவிட்டு வந்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "இப்ப நேரம் வேற தெரியுதே, வலி ஜாஸ்தியாகுதே" என்றார்.

டீச்சர் ஆறு படங்களையும் ஒரு விளக்கின் மறைப்பில் ஒட்டியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்துபோய் விளக்கோடு தூக்கிவந்து கொடுத்தாள்.

"பதிலுக்கு என்னம்மா வேணும்?"

"உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லேங்குறீங்க, எங்கிட்ட போய் என்ன வேணும்னு கேக்குறீங்களே. போங்க, போய்க் குடுங்க."

பேரம் பேசாமல் கிடைத்த பொருள் அவருக்குக் கையில் சுட்டது.

ஓட்டல்காரர்தான் ஆள். இருபது படங்களையும் கண்ணாடி போட்டு, சாப்பாட்டு அறை நெடுக மாட்டி வைத்திருந்தார். பழசு வந்த காரியத்தைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணே, விக்கிறப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'இது தாளில்ல தம்பி, பால்யம்'னு சொன்னீங்க. எனக்கே தொண்டையை அடைச்சிருச்சு. பால்யத்த யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?"

"அது வியாபாரப் பேச்சு தம்பி."

"இதுவும் வியாபாரப் பேச்சுதான். இங்க பாருங்க, அந்தப் புகை வாசனைக் கதைய என் சர்வருங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கானுங்க. டேபிளுக்கு டேபிள் சொல்றானுங்க. ஒரு அம்மா கேட்டு அழுதுட்டே ரெண்டாவது தடவ ஆர்டர் பண்ணிச்சு. படத்தை எடுத்துட்டா கதைய எங்க மாட்டுறது?"

தன் சரக்கு தன் தலையிலேயே விழுவதைப் பழசு அன்றுதான் பார்த்தார். இரண்டு நாள் அலையவிட்டார் ஓட்டல்காரர். சுவர் காலியாகும் என்றார், கண்ணாடி போட்ட கூலி என்றார், மனைவிக்கு அந்த மயில் பிடிக்கும் என்றார். கடைசியில் ராணி முகம் பார்த்த நிலைக்கண்ணாடி கைமாறியது. ஆறடி உயரம், தேக்குச் சட்டம், கடைக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்த பொருள். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது ஓட்டல்காரர் காதருகே வந்து, "ராணி கதைய ஒருதடவ முழுசா சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றார். பழசு முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க, பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், நோட்டு தயாரானது. கோடு போடாத மலிவுத்தாள் வாங்கி, ஆறின டீத்தண்ணீரில் முக்கி, கயிற்றில் காயப்போட்டு, நூலால் தைத்தார். மூலைகளைச் சுவரில் தேய்த்து மழுங்கடித்தார். போலி செய்கிறவன் பெரிய விஷயத்தில் மாட்டுவதில்லை, சின்னதில்தான் மாட்டுவான். அதனால் பசையை மேல்விளிம்பில் மட்டும் தடவினார், ஒற்றை விரலால். முப்பத்தெட்டும் முடித்து மூடிவைத்தபோது அவரே ஒரு நிமிஷம் ஏமாந்துபோனார். இந்தா, போன நோட்டு திரும்பி வந்துவிட்டது.

புதன்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆட்களை உள்ளே விட்டார்கள். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து ஒரு பக்கம் வீங்கியிருந்தது. குரல், காலி டப்பாவுக்குள் மணல் உருளுகிற சத்தம்.

"வந்துட்டியா... பழசு."

"நீயுமாக்கா?"

"ஊரே... கூப்பிடுது. நாளையிலேர்ந்து... நான் கூப்பிட முடியாது. இன்னிக்கே... கூப்பிட்டுக்குறேன்."

அக்கா மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழசு பையிலிருந்து நோட்டை எடுத்து, விலையுயர்ந்த சரக்கை எடுத்துவைப்பதுபோல, அக்காவின் மடியில் இரண்டு கையாலும் வைத்தார்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஊஞ்சல் பெண். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. மோதிர விரல் நகத்தைக் கீழ்விளிம்பில் கொடுத்துத் தூக்கினாள். அடியில் வெறும் தாள். அடுத்த பக்கம். புலியைத் தூக்கினாள். வெறும் தாள். மயில், கிளி, கப்பல். ஏழெட்டுக் கதவுகளைத் திறந்து பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"எங்கடா?"

"என்னக்கா?"

"எழுத்து."

"எந்த எழுத்து?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோய் மோந்தாள்.

"டீ வாசனை... வருது."

சொல்லிவிட்டார். தட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், கூழ், மூன்று இடங்கள் எல்லாம். திருப்பி வாங்கப் பட்ட பாட்டையும் கண்ணாடி போனதையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பகுதியைக் கொஞ்சம் நன்றாகவே சொன்னார், பழக்கதோஷம்.

"அம்மா எழுத்துடா அது," என்றாள் அக்கா.

அக்கா மகள் திரும்பினாள். "அம்மா, பேசாதீங்க, டாக்டர்..."

"இன்னிக்கு ஒரு நாளைக்காவது... பேசிக்குறேன். விடு." அவள் தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். விழுங்குவதற்குள் முகம் கோணியது. "அம்மாவுக்கும் இதேதான். தொண்டை. கடைசி ஆறு மாசம்... குரலே கிடையாது. என்ன வேணும்னாலும்... அந்த நோட்டுலதான் எழுதிக் காட்டுவா. உனக்கு நான்... படிச்சுச் சொல்லுவேன்."

"எனக்கு ஞாபகமில்லக்கா."

"அவ போன அன்னிக்கு... அப்பா பின்வாசல்ல எல்லாத்தையும் போட்டுக் கொளுத்தினார். மெத்தை, துணிமணி, சீப்பு. தொத்து நோயாம். அதெல்லாம் தொத்தாதுன்னு... டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னார். கேக்கல. நோட்டை எங்கன்னு தேடினார். நான் என்ன பண்ணுவேன்? கடைப் படத்தையெல்லாம் அள்ளிட்டு வந்து... உன்னையும் பக்கத்துல உக்கார வச்சு... எழுத்துமேல ஒட்டினேன். அப்பா வந்து எட்டிப் பாத்தார். 'என்ன அது?' 'படநோட்டுப்பா.' போயிட்டார்."

பழசு நோட்டின் விளிம்பை ஒற்றை விரலால் தொட்டார்.

"பசை நீதானேடா தடவினே? 'மேல மட்டும் தடவு, மேல மட்டும் தடவு'ன்னு... உன் விரலைப் புடிச்சுக் காட்டினேனே. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்! அதான் உங்கிட்ட... குடுத்து வச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன் கடையில நின்னு நானே கேட்டிருக்கேன்... அந்தக் கதைய. புகை வாசனைன்னு சொல்லுவே. ஐயோ, அம்மா விஷயத்த வெளியாளுங்க கிட்ட சொல்லாம... எவ்ளோ பதவிசா மறைக்குறான்னு நெனப்பேன்."

கப்பல் படம் நோட்டில் திறந்தே கிடந்தது. இரண்டு புகைக்கூண்டு, கறுப்புப் புகை. நாற்பது வருஷமாக அவர் அந்தப் புகையை விற்றுக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்குக்கா அது வேணும்னு கேட்டே?" குரல் அவருக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"நாளையிலேர்ந்து நானும்... அப்படித்தானே? அவ எப்படி எழுதினா, எவ்ளோ எழுதினா, கோவம் வந்தா என்ன எழுதினான்னு... ஒருதடவ பாத்துட்டுப் போனா... ஒரு தைரியம். வேற ஒண்ணுமில்ல. எனக்கும் பாதி மறந்துபோச்சு." அப்புறம், பேரத்தில் கடைசி விலை கேட்கிறவள்போல முன்னால் குனிந்தாள். "ஒண்ணாவது படிச்சியாடா? தண்ணியில போடுறப்ப... ஒரு வரியாவது?"

படித்திருந்தார். ஒன்றே ஒன்று. கப்பல் படம் கழன்று மிதந்து விலகியபோது தட்டின் அடியில் அந்த வரி தெரிந்தது. தாள்தான் கூழாகும், பென்சில் கரையாது. கொஞ்சம் சாய்ந்த, அழுத்தமான எழுத்து. படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு உருட்டிப் பிழிந்தார்.

"'சின்னவன் கையில் கத்தரிக்கோல் கொடுக்காதே'ன்னு இருந்துச்சு அக்கா."

அவள் முகம் ஒரு கணம் திறந்தது. அடுத்த கணமே மெல்லச் சாத்திக்கொண்டது.

"அது... நீ கடையில சொல்ற கதையில வர்றதுதானே?"

"இல்லக்கா. கதையில வர்றது வேற. இது நோட்டுலயே இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!" என்று வலது கை நெஞ்சுக்குப் போனது. ஐந்து விரலும் விரிந்து, தலை லேசாகச் சாய்ந்து. ராணி முகம் பார்த்தாள் என்று போன வாரம் சத்தியம் செய்த அதே கை, அதே சாய்வு. அக்கா அந்தக் கையைத்தான் பார்த்தாள். அவரும் குனிந்து அதைப் பார்த்தார். இறக்கவும் முடியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை.

மணி அடித்தது. நர்ஸ் வந்து, "வந்தவங்க எல்லாம் கிளம்புங்க, நாளைக்கு ஆப்பரேஷன் இருக்குறவங்களை இப்படிப் பேசவச்சா எப்படி?" என்று விரட்டினாள். அக்கா நோட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை குரல்வளை போனது. கடைசியாக அவள் என்ன பேசினாள் என்று அக்கா மகளிடம் கேட்டார். "தள்ளிட்டுப் போறவங்ககிட்ட, 'மெதுவா'ன்னு சொன்னாங்க மாமா. அவ்ளோதான்."

சனிக்கிழமைதான் பார்க்க விட்டார்கள். கழுத்தில் ஓட்டை, அதில் குழாய், குழாயில் சளி அடைக்கிறபோதெல்லாம் ஒரு விசில். அக்கா மகள் புது சிலேட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அக்கா அதைத் தொடவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து டீ வாசனை அடிக்கும் அந்த நோட்டை எடுத்தாள். ஏற்கெனவே நாலைந்து பக்கம் எழுதியிருந்தாள். ஊஞ்சல் பெண்ணைத் தூக்கினால் 'பெட்பேன்'. மயிலைத் தூக்கினால் 'ஊசி போட்ட இடம் எரியுது'. அம்மாவின் நோட்டும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பழசுவுக்குப் பட்டது. அதில் ஒரு காவியமும் இருந்திருக்காது. தண்ணீர், வலி, ஜன்னலைச் சாத்து, கத்தரிக்கோல்.

அவள் கப்பலைத் தூக்கி, அடியில் எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

'அந்த வரி நெஜமா?'

பழசு வாயைத் திறந்தார். நெஜம், சத்தியம், கண்ணால் பார்த்தேன், அம்மாமேல் ஆணை. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது ஏற்கெனவே கடையில் எதையோ விற்றிருந்தது. கதை விடுவதானால் அழகாக ஒரு பத்து வரி சொல்லியிருப்பேனே, உன்னைப் பற்றி, உன் பின்னலைப் பற்றி, இப்படி மொட்டையாக ஒரு கத்தரிக்கோலையா சொல்வேன் என்று வாதாடத் தோன்றியது. அதுவும் நல்ல வாதம்தான். நல்ல வாதம் என்பதாலேயே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அவள் வரிக்குக் கீழே எழுதினார்: 'ஆமா.'

எழுதி முடித்ததும்தான் பார்த்தார். டீத்தண்ணீரில் அவரே பழசாக்கிய தாள், அவரே மழுங்கடித்த மூலை. அதில் அந்த 'ஆமா' ஐம்பது வருஷத்துக்கு முந்தியதுபோல அச்சு அசலாக இருந்தது.

அக்கா நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் அவர் கடையில் நின்று படத்தைப் பார்ப்பார்களே, அப்படி. குழாய் ஒருமுறை விசிலடித்தது. பிறகு கப்பலை இறக்கி மூடி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.

அடுத்த பக்கத்தைப் புரட்டி, கிளியைத் தூக்கி, எழுதிக் காட்டினாள்.

'ஃபேனைக் குறை.'

பழசு எழுந்துபோய்க் குறைத்தார்.